பைதான் எங்கண்ணே வாங்குறது?

இந்த வாரம் டேட்டாபேஸ் பத்திப் பேசுறேன்னு சொல்லியிருந்தேன். அதை அடுத்த எபிசோடுக்குத் தள்ளி வைக்கிறேன். காரணம் ஒரு போன் கால். கால் வந்தது ஆறு மாசத்துக்கு முன்னாடி, ஆனா அதோட மீதிக் கதை போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிஞ்சது.

சித்தி மகள். ஊர் இலுப்பூர் பக்கம். பி.எஸ்சி. கணிதம் முடிச்சவ, தமிழ் வழியில. ஒரு சனிக்கிழமை ராத்திரி கூப்பிட்டு, நலம் விசாரிப்பு எதுவும் இல்லாம நேரா கேட்டா: "அண்ணே, பைதான் எங்கண்ணே வாங்குறது?"

நான் சிரிச்சுட்டேன். சிரிச்சிருக்கக் கூடாது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா சொன்னா: ஒரு கோச்சிங் சென்டர்ல விசாரிச்சிருக்கா. மூணு மாசக் கோர்ஸ், சாப்ட்வேரோட சேர்த்து 28,000 ரூபாய். சாப்ட்வேரைத் தனியா வாங்கினா இன்னும் அதிகம் ஆகும்னு சொல்லியிருக்காங்க. சித்தி கழுத்துல இருக்கிற சங்கிலியைத் திங்கட்கிழமை காலையில பேங்க்ல வைக்கிறதா முடிவு ஆயிடுச்சு. அதுக்கு முன்னாடி வெளியில குறைஞ்ச விலைக்குக் கிடைக்குமான்னு கேட்கத்தான் எனக்கு போன்.

சிரிச்சதுக்கு எனக்குத் தகுதியும் இல்ல. நான் பிளஸ் டூ படிக்கிறப்ப அரசாங்க லேப்டாப் வந்துச்சு. 2011-ல ஆரம்பிச்ச அந்தத் திட்டத்துல என் செட்டும் வாங்கினோம். அதுல விண்டோஸ் இருந்துச்சு, கூடவே பாஸ்னு ஒரு லினக்ஸும் இருந்துச்சு. சி-டாக் தயாரிச்சது, டெபியனை அடிப்படையா வச்சது. நாங்க யாரும் அதைத் திறந்தே பார்க்கல, ஏன்னா படம் பார்க்கவும் கேம் ஆடவும் விண்டோஸ் போதும். இன்ஜினியரிங் சேர்ந்து ரெண்டாவது வருஷம் ஒரு சீனியர்கிட்ட பென் டிரைவைக் கொடுத்து, ஏதோ பெரிய உதவி கேட்கிற மாதிரி, "அண்ணா, பைதான் காப்பி பண்ணித் தாங்க"ன்னு நின்னேன். அவர் என் லேப்டாப்பை வாங்கி, பாஸ் லினக்ஸைத் திறந்து, டெர்மினல்ல ஒரே ஒரு வார்த்தை டைப் பண்ணினார். பைதான் வந்து நின்னுச்சு. நான் தேடிக்கிட்டிருந்தது என் பையிலேயே அத்தனை வருஷம் இருந்திருக்கு.

சரி, அவளுக்கு அன்னைக்கு ராத்திரி சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். இதைக் கேட்கிற நிறையப் பேருக்குத் தெரிஞ்ச விஷயமா இருக்கலாம். உங்க வீட்டுலயும் ஒரு தங்கச்சியோ தம்பியோ இதே கேள்வியோட இருக்கலாம், அவங்களுக்கு இந்த எபிசோடை அனுப்பிடுங்க.

பைதான் விற்பனைக்கு இல்ல. நெதர்லாந்துக்காரர் கீடோ வான் ராசம் ஆம்ஸ்டர்டாம்ல ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துல வேலை பார்க்கும்போது எழுதின மொழி அது. 1991 பிப்ரவரியில முதல் தடவையா வெளியில விட்டார். பேரு பாம்பைப் பார்த்து வச்சது இல்ல, மான்ட்டி பைதான்கிற பிரிட்டிஷ் காமெடிக் குழுவைப் பார்த்து வச்சது. 2001-ல இருந்து பைதான் சாப்ட்வேர் பவுண்டேஷன்கிற லாப நோக்கமில்லாத அமைப்பு அதைக் கவனிச்சுக்குது. யார் வேணும்னாலும் இறக்கிக்கலாம், எத்தனை மெஷின்ல வேணும்னாலும் போடலாம், அதோட மூல நிரலைப் படிக்கலாம், மாத்தலாம், மாத்தினதை அடுத்தவங்களுக்குக் கொடுக்கலாம். கோச்சிங் சென்டர் காசு வாங்குறது சொல்லிக் கொடுக்கிறதுக்கு. அது தப்பு இல்ல, ஆசிரியர் உழைப்புக்குக் காசு வாங்கத்தான் செய்வாங்க. ஆனா "சாப்ட்வேரோட சேர்த்து"ன்னு ஒருத்தர் சொன்னா, அங்கேயே எழுந்து வந்துடுங்க.

இறக்க வேண்டிய இடம் பைதான் டாட் ஆர்க். அட்ரஸ் பார்ல நீங்களே டைப் பண்ணுங்க. கூகுள்ல "பைதான் டவுன்லோட்"னு தேடினா மேல விளம்பரங்கள் வரும், பேரை லேசா மாத்தின வேற தளங்களும் வரும், அவங்க கொடுக்கிற பைல்ல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

அவ அன்னைக்கே இன்ஸ்டால் பண்ணினா. ரெண்டு நிமிஷத்துல திரும்பக் கூப்பிட்டு, "அண்ணே, பைதான்னு அடிச்சா மைக்ரோசாப்ட் ஸ்டோர் திறக்குது"ன்னா. இது கிட்டத்தட்ட எல்லாருக்கும் நடக்கும். விண்டோஸ் இன்ஸ்டாலரோட முதல் திரையில, கீழ் மூலையில, பாத்ல சேர்க்கவான்னு ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதை டிக் பண்ணாம விட்டா, பைதான் மெஷினுக்குள்ள இருக்கும், ஆனா கமாண்ட் பிராம்ப்ட்டுக்கு அது எங்க இருக்குன்னு தெரியாது. வீட்டுக்குள்ள ஆள் இருந்தும் கதவுல நம்பர் எழுதாததால தபால்காரர் திரும்பிப் போற கதைதான். திரும்ப இன்ஸ்டாலரை ஓட்டி டிக் பண்ணினா சரியாயிடும். ஸ்டோர்ல இருக்கிறதும் பவுண்டேஷனோட இலவசப் பைதான்தான், பயப்பட ஒண்ணும் இல்ல.

பழைய லேப்டாப் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். இப்பவும் விண்டோஸ் 7 ஓடுற அரசாங்க லேப்டாப்புகள் நம்ம மாவட்டத்துல நிறைய வீட்டுல இருக்கு. அதுல பைதான் 3.8 வரைக்கும்தான் ஓடும், 3.9-ல இருந்து ஓடாது. "எரர் வருது, லேப்டாப் செத்துடுச்சு"ன்னு ஓரமாப் போட்டுடாதீங்க. அதுல லினக்ஸ் ஏத்தினா புதுப் பைதானும் வரும், மெஷினும் வேகமாகும்.

லேப்டாப்பே இல்லன்னா போன். ஆண்ட்ராய்டுல பைட்ராய்டுன்னு ஒரு ஆப் இருக்கு, இறக்கின பிறகு நெட் இல்லாமலும் ஓடும். கொஞ்சம் துணிஞ்சவங்க எப்-டிராய்டுல இருந்து டெர்மக்ஸ் போட்டுக்கலாம், அது போனுக்குள்ள ஒரு குட்டி லினக்ஸ் மாதிரி. நெட் நல்லா இருக்கிற இடத்துல கூகுள் கொலாப், பிரவுசர்லயே எழுதி ஓட்டலாம். நான் லேப்டாப்தான் நல்லதுன்னு சொல்வேன், ஏன்னா போன்ல அடைப்புக்குறியும் மேற்கோளும் தேடித் தேடி டைப் பண்றது பொறுமையைச் சோதிக்கும். ஆனா லேப்டாப் வரட்டும்னு ஒரு வருஷம் சும்மா இருக்கிறதுக்கு, போன்ல ஆரம்பிக்கிறது எவ்வளவோ மேல்.

கிடைக்கிற பக்கம் அவ்வளவுதான். கத்துக்கிற பக்கம் அவ்வளவு சுலபமா முடியாது.

நான் முதல்ல அவளைப் படிக்கச் சொன்னது பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகம், தமிழ் வழி. ஆச்சரியமா இருக்கலாம். 2019-ல வந்த புதுப் பாடத்திட்டத்துல நம்ம தமிழ்நாட்டுப் பாடநூல் பைதானுக்கு மாறிடுச்சு. பி.டி.எப். இலவசமா கிடைக்குது. முதல் சில பாடங்கள் தியரி, அதைத் தாண்டி அஞ்சாவது பாடத்துல இருந்து ஆரம்பிச்சா மாறிகள், மடக்குகள், செயற்கூறுகள், பட்டியல்னு வரிசையா போகும். தமிழ் வழியில படிச்ச பிள்ளைக்கு அந்தச் சொற்கள் ஏற்கெனவே பழக்கம். லூப்புன்னா மிரளுறவ மடக்குன்னா மிரளல. ஆனா புத்தகம் பரீட்சைக்கு எழுதினது. வரையறையை மனப்பாடம் பண்ணிட்டு ஒரு வரிகூட ஓட்டிப் பார்க்காம நூத்துக்கு நூறு வாங்கலாம். அதனால ஒரே ஒரு விதி போட்டேன்: ஓட்டிப் பார்க்காத வரியைப் படிச்சதா கணக்குல எடுக்காதே.

ரெண்டாவது, ஐ.ஐ.டி. பம்பாயோட ஸ்போக்கன் டுடோரியல். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா ஆரம்பிச்சது. சின்னச் சின்ன வீடியோ, பல மொழிகள்ல குரல், தமிழ்லயும் உண்டு. பாதித் திரையில வீடியோ, பாதித் திரையில உங்க பைதான், அவங்க செய்றதை நீங்களும் கூடவே செய்யணும். இறக்கி வச்சுக்கவும் முடியும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நெட் படுத்துடுற ஊர்களுக்கு அது பெரிய விஷயம்.

இணையத்துல கிடைக்கிற பழைய பாடங்கள்ல ஒரு பொறி இருக்கு. பைதான் 2 வேற, 3 வேற. பிரின்ட்டுக்குப் பின்னாடி அடைப்புக்குறி இல்லாம எழுதியிருந்தா அது பழைய பைதான் 2, அதுக்கான ஆதரவை 2020 ஜனவரி 1-ஆம் தேதியே நிறுத்திட்டாங்க. அப்படியே காப்பி அடிச்சா உங்க மெஷின்ல எரர் வரும். தப்பு உங்ககிட்ட இல்ல, பாடம் பழசு.

தமிழ்ல எழுத்தா வேணும்னா கணியம். 2012 ஜனவரியில த. சீனிவாசன் முதலானவங்க மின்னிதழா ஆரம்பிச்சது. பைதான், லினக்ஸ், டேட்டாபேஸ்னு எல்லாத்துக்கும் கட்டுரைகள், மின்னூல்கள், அத்தனையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல. இலவச ஆன்லைன் வகுப்புகளும் நடத்தியிருக்காங்க. ஆங்கிலம் ஓரளவு பிடிபட்ட பிறகு, பைதானோட சொந்த டுடோரியல் டாக்ஸ் டாட் பைதான் டாட் ஆர்க்ல இருக்கு. அந்தப் பக்கத்தை ஜப்பானிய மொழி, கொரியன், ஸ்பானிஷ், துருக்கிய மொழின்னு மொழி மாத்திப் படிக்கலாம். தமிழ் இல்ல. இதைக் கேட்கிற யாராவது மனசு வச்சா உண்டு, அந்த மொழிபெயர்ப்பு எல்லாம் தன்னார்வலர்கள் செய்றதுதான். என்.பி.டெல்-ல சென்னை கணிதவியல் நிறுவனத்தோட மாதவன் முகுந்த் நடத்தின பைதான் கோர்ஸ் இருக்கு. கணக்கு படிச்சவங்களுக்கு அது விருந்து. படிக்கக் காசு இல்ல, பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கணும்னா மட்டும் கட்டணம்.

"எழில் படிக்கலாமாண்ணே, அது முழுக்கத் தமிழாமே?"ன்னு ஒரு நாள் கேட்டா. முத்து அண்ணாமலை உருவாக்கின மொழி, 2007 வாக்கில ஆரம்பிச்சு 2009-ல அது பத்தி ஆய்வுக் கட்டுரையும் போட்டார். அதுல பிரின்ட்டுக்குப் பதில் பதிப்பி. இஃப்புக்குப் பதில் ஆனால், அதுவும் நிபந்தனையை முதல்ல எழுதி அதுக்குப் பின்னாடி ஆனால் வரும், நாம பேசுற மாதிரியே. உள்ள ஓடுறது பைதான்தான். பத்து வயசுப் பிள்ளைக்கு நிரல்னா என்னன்னு காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வேலை தேடுற இருபத்தொரு வயசுக்காரிக்கு, ஒரு வாரம் விளையாடிட்டுப் பைதானுக்கு வந்துடுன்னேன். அவ ரெண்டு நாள்ல வந்துட்டா.

இவ்வளவு லிஸ்ட் கொடுத்துட்டு, நான் ஏதோ பெரிய காரியம் செஞ்ச நினைப்புல இருந்தேன். மூணாவது வாரம் அவ நிறுத்திட்டா. போன் பண்ணினா எடுக்கல. அப்பதான் எனக்கு உறைச்சது: கோச்சிங் சென்டர் விக்கிறது பாடத்தை மட்டும் இல்ல. காலையில பத்து மணிக்கு ஒரு இடம், பக்கத்துல உட்கார ஒரு ஆள், நேத்து ஏன் வரலன்னு கேட்க ஒரு வாய். அந்த 28,000-ல பாதி அதுக்குத்தான். நான் அவகிட்ட இருந்து அதையும் சேர்த்துப் பறிச்சிருந்தேன், பதிலுக்கு நாலு லிங்க் கொடுத்திருந்தேன்.

இதை எங்க அம்மாகிட்ட புலம்பினேன். அம்மா சைக்கிள் கதையை எடுத்தாங்க. புதுக்கோட்டைக்காரங்களுக்குத் தெரியும். 1991-ல அறிவொளி இயக்கம் இங்க வந்தப்ப, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோட சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கத்துக் கொடுத்தாங்க. வயல் வேலைக்குப் போறவங்க, குவாரியில கல் உடைக்கிறவங்க, அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள்னு ஒரு லட்சத்துக்கும் மேல பெண்கள் கத்துக்கிட்டாங்கன்னு பி. சாய்நாத் எழுதியிருக்கார். (பைதான் வெளியானதும் அதே 1991. ஒரு சம்பந்தமும் இல்ல, எனக்கு இப்படித் தேதி கோர்க்கிற வியாதி உண்டு.) அம்மாவுக்கு அப்ப 19 வயசு. லேடீஸ் சைக்கிள் கிடைக்காது, வாடகைக் கடையில இருந்தது எல்லாம் பார் வச்ச ஆம்பளை சைக்கிள். மணிக்கணக்குல வாடகை. குரங்கு பெடல்ல ஆரம்பிச்சாங்களாம். "யாரு அம்மா கத்துக் கொடுத்தா?"ன்னு கேட்டேன். "ஒருத்தரும் இல்ல. எனக்கு முந்தின வாரம் கத்துக்கிட்டவ எனக்குச் சொன்னா. நான் அடுத்தவளுக்குச் சொன்னேன். கேரியரைப் பிடிச்சுக்கிட்டு ஓட உங்க சித்தி இருந்தா, அவளுக்குப் பதினாலு வயசு." சித்தின்னா இதே சித்திதான். சங்கிலிக்காரங்க.

அன்னைக்கு அவளுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். பாடம் எதுவும் அனுப்பல. "உன் செட்ல இன்னும் ரெண்டு பேர் இதே மாதிரி யோசிச்சுக்கிட்டு இருப்பாங்க, யாருன்னு பாரு" அவ்வளவுதான். மூணு நாள் கழிச்சு மூணு பேர் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குரூப்ல என்னைச் சேர்த்தா. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு, அவங்க ஊர் கிளை நூலகத்துல ஒரு லேப்டாப்பைச் சுத்தி உட்காருறாங்க. ஒருத்தி டைப் பண்ணுவா, ரெண்டு பேர் தப்பு கண்டுபிடிப்பாங்க. ஞாயிறு ராத்திரி அரை மணி நேரம் நான் வீடியோ கால்ல. பெரும்பாலும் எனக்கு வேலை இருக்காது, கேட்டுக்கிட்டு இருப்பேன்.

போன ஞாயிறு ஊருக்குப் போயிருந்தேன். சித்தியோட மகளிர் குழுவுக்கு அவ ஒரு புரோகிராம் எழுதியிருக்கா. பதினாலு பேர், யார் எவ்வளவு சேமிப்பு, யார் எவ்வளவு கடன், இந்த மாசம் வட்டி எவ்வளவு. லெட்ஜர்ல சித்தி ராத்திரி பதினொரு மணி வரைக்கும் போடுற கணக்கு அது. எல்லாம் சரியா வந்துச்சு, ஆனா பேர் வரிசையில சண்டை. எப்பவும் கடைசியில இருக்கிற ஜெயா அக்கா நடுவுல வந்துட்டாங்க. மல்லிகாவுக்கு முன்னாடி மலர் வந்துட்டாங்க. அகராதியில புள்ளி வச்ச ல் முதல்ல வரும், அதனால மல்லிகாதான் முன்னாடி வரணும். லெட்ஜர்ல பழகின குழு இதை உடனே பிடிச்சிருக்கு.

காரணம் பைதான் இல்ல. யூனிகோடுல தமிழ் எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கிற எண் வரிசை நம்ம அகர வரிசை இல்ல. ச-வுக்கு அடுத்த இடத்துல ஜ உட்கார்ந்திருக்கு. புள்ளி ஒரு தனி எழுத்து, அதோட எண் பெரிசு. பைதான்கிட்ட "தமிழ்"ங்கிற சொல்லோட நீளம் எவ்வளவுன்னு கேட்டா 5-ன்னு சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நமக்கு மூணு எழுத்துதானே? இதுக்காகவே ஓபன்-தமிழ்னு ஒரு நூலகம் இருக்கு, எழில் செஞ்சவங்க பக்கத்துல இருந்து வந்த திறந்த மூலப் பொருள்தான். பிப் இன்ஸ்டால் ஓபன்-தமிழ்னு ஒரு வரியில வந்துடும், அதுகிட்ட கேட்டா மூணுன்னு பிரிச்சுக் கொடுக்கும்.

இதெல்லாம் நான் அவளுக்குச் சொன்னதில்ல. நான் போறதுக்குள்ள அந்த மூணு பேரும் கண்டுபிடிச்சிருந்தாங்க. அ-வுல ஆரம்பிச்சு ஒவ்வொரு எழுத்தையும், க், க, கா, கின்னு, கடைசியில கிரந்த எழுத்தையும் வரிசையாத் தட்டச்சு பண்ணி ஒரு பட்டியல் போட்டு, பேரை ஓபன்-தமிழ் வச்சு எழுத்து எழுத்தாப் பிரிச்சு, அந்தப் பட்டியல்ல எத்தனாவது இடம்னு பார்த்து அடுக்கியிருக்காங்க. தட்டச்சு பண்றதுக்கே ரெண்டு நாள் ஆச்சாம். மடக்கு போட்டுப் பத்து வரியில முடிச்சிருக்கலாம், நான் வாயைத் திறக்கல. ஜெயா அக்கா கடைசிக்குப் போயிட்டாங்க.

வேலை இன்னும் கிடைக்கல. அதை மறைச்சு இந்தக் கதையைச் சொன்னா நானும் கோச்சிங் சென்டர் போர்டு மாதிரிதான். ரெண்டு இன்டர்வியூ போயிருக்கா, ஒண்ணுல இங்கிலீஷ்ல தடுமாறியிருக்கா, இன்னொண்ணுல இருந்து பதிலே வரல. சங்கிலியும் கழுத்துல இல்ல, ஆடி மாசம் போர் மோட்டார் எரிஞ்சதுல அது பேங்க்குக்குப் போயிடுச்சு. ஆனா அது வேற கணக்கு.

கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தா. பக்கத்து ஊர் குழு அந்தப் புரோகிராமைக் கேட்குதாம். "கொடுக்கலாமாண்ணே? காசு வாங்கணுமா?"ன்னா. கொடுக்கலாம், காசு வாங்குறது உன் இஷ்டம், ஆனா அதுக்கு ஒரு உரிமம் எழுதி வைக்கணும்னேன். உரிமம்னா என்னண்ணேன்னு கேட்டா. அதுக்குள்ள புதுக்கோட்டை பஸ் வந்துடுச்சு.

அதனால அடுத்த வாரமும் டேட்டாபேஸ் இல்ல மக்களே. திறந்த மூல உரிமங்கள், எம்.ஐ.டி., ஜி.பி.எல்., எதை எப்ப போடணும்னு பேசுறேன். அவளும் கேட்பா.